ட்ரிப்யூன் வீட்டுக் கதவு

அக்டோபர், செவ்வாய் இரவு

தூக்கம் வரவில்லை. இன்று தமிழ்ச் சங்கத்தில் எனக்குப் போர்த்திய பொன்னாடை நாற்காலியில் கிடக்கிறது. அரை இருட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

எங்கள் அமெரிக்க ஊரான மான்மவுத் ஜங்ஷனுக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்காகச் சங்கக் கமிட்டியில் பேசுவது என் பொறுப்பு. அவர்களைப் பாதிக்கிற முடிவென்றால், "கூடாது" என்று நிறுத்திவிடுவேன். இன்று மீட்டிங்கில் தலைவர் ரமேஷ் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, இனிமே அவங்க எல்லாரும் நேரா எனக்கே கால் பண்ணட்டும். நீங்க ஏன் ஸ்ட்ரெயின் பண்ணிக்கணும்? போஸ்ட் உங்ககிட்டயே இருக்கட்டும்." பொன்னாடை போர்த்திக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் நிலா லத்தீன் டெஸ்ட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பழைய ரோமில் ட்ரிப்யூன் என்று ஒரு பதவியாம். எளிய ஜனங்களுக்காக எந்த அதிகாரியையும் தடுக்கலாம். ஆபத்தென்று யாராவது ஓடிவருவார்கள் என்பதால், ராத்திரியிலும் அவர் வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது. பிறகு அந்த அதிகாரத்தைப் பேரரசரே எடுத்துக்கொண்டார். ட்ரிப்யூன்கள் பெயருக்கு இருந்தார்கள்.

"அப்புறம் அந்தக் கதவெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஐ டோன்ட் நோ, அம்மா. இட்ஸ் நாட் ஆன் த டெஸ்ட்."

கண்ணை மூடினால் நீளமாக ஒரு கல் தெரு. வாசலுக்கு வாசல் விளக்கு எரிகிறது, எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் குன்றின் மேலிருக்கும் அரண்மனைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வாசலில், பொன்னாடையோடு, நான்.

மாடியிலிருந்து என் கணவர் கேட்கிறார்: "கதவு பூட்டியாச்சா?"

"ஆச்சு" என்றேன். பூட்டவில்லை.