அய்யம்மாளின் பழைய ஸ்கேன்

ராஜபாளையம்,
3 ஜூன் 2025

அன்புள்ள அன்சாருக்கு,

ஹெப்சிபா எழுதுவது. இங்கு நானும் எட்வினும் நலம். நீயும் ரமீஜாவும் அம்மாவும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தக் காய்ச்சலில் உன் காது போனபிறகு போனில் பேச முடியாது என்பது புரிகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினாலும் படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடுதான் விழுகிறது, பதில் வருவதில்லை. ரம்ஜானுக்கு உன் வீட்டுக்கு வந்தபோதும் நீ பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. ரமீஜாதான் பிரியாணியும் கொடுத்து, சமாதானமும் சொல்லி அனுப்பினாள். காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். எனக்கு வருத்தம்தான்.

இப்போது எழுதுவது வேலை விஷயமாக. நாம் சேர்ந்து வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் பக்கம் இன்று நான் ஒருத்திதான். மாதக் கடைசியில் புது ஸ்கேன் மெஷின் வருகிறது. அதற்குள், எடுத்த படத்தை நகலெடுத்து டாக்டருக்கு அனுப்பி, பிறகு சேமிப்புக்கு நகர்த்தி வைக்கிற நம் பழைய புரோகிராமை ஒழுங்கு பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். நீ எழுதியதன் மேல் உனக்குப் பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொன்று ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நகலெடுக்கிற ஒரே வேலையை நாலு இடத்தில் நாலு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையபடி நிற்கிறது.

அதில் 'பழைய பெட்டி' என்று நீ பெயர் வைத்த பகுதி ஒன்று உண்டு. புரோகிராமில் வேறெதுவும் அதைக் கூப்பிடவில்லை. வீணாகத்தான் கிடக்கிறது. அழித்துவிடலாமா?

வரப்போகும் பக்ரீதுக்கு எங்கள் வாழ்த்து.

பிரியமுடன்,
ஹெப்சிபா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
5 ஜூன் 2025

ஹெப்சி,

வாழ்த்துக்கு நன்றி. நாங்கள் நலம்.

எனக்கு எதுவும் ஞாபகமில்லை. நான் இப்போது அண்ணனின் பைப் கடையில் பின்பக்கம் உட்கார்ந்து பில் போடுகிறேன். வருகிறவர்களோடு பேச வேண்டியதில்லை. அதுவே போதும் என்றிருக்கிறது. பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள். என்னைக் கேட்க வேண்டாம்.

அன்சார்


ராஜபாளையம்,
11 ஜூன் 2025

அன்புள்ள அன்சாருக்கு,

கேட்க வேண்டாம் என்றாய். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் படி.

கூமாப்பட்டியிலிருந்து அய்யம்மாள் என்று ஒரு அம்மா இன்றைக்கு வந்திருந்தார். போன வருஷம் இங்கே ஸ்கேன் எடுத்ததில் சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. இன்று திரும்ப எடுத்தார்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட டாக்டர் பொன்னுராஜ் பழைய படத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பார்த்த உடனே, இது வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. அதே நாளில் மகாராஜபுரத்திலிருந்தும் ஒரு அய்யம்மாள் வந்திருக்கிறார். நம் புரோகிராம் நோயாளியின் பெயரையும் தேதியையும் சேர்த்து ஃபைலுக்குப் பெயர் வைக்கிறது. சேமிப்பில் அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், கேட்காமல் கொள்ளாமல் அதன் மேலேயே புதியதை எழுதிவிடுகிறது. மகாராஜபுரத்துப் படம் கூமாப்பட்டிப் படத்தை அழித்துவிட்டது. அந்தப் பகுதி நீ எழுதியது, அன்சார். அது தப்பு.

பழைய படம் இல்லாவிட்டால் வளர்ந்ததாக எண்ணி மதுரைக்கு ஆப்பரேஷனுக்கு அனுப்புவதுதான் பத்திரம் என்கிறார் டாக்டர். அய்யம்மாளுக்குக் கிடைத்த பிரதியும் மழையில் நனைந்து வீணாகிவிட்டதாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "எ வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒங்க பெட்டிக்குள்ள இருந்தது ஒங்களுக்கும் தெரியலன்னா, நா யாருட்ட போயிக் கேக்க தாயி?" என்றார்.

உனக்கு ஏதாவது வழி தெரியுமா?

ஹெப்சிபா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
12 ஜூன் 2025

ஹெப்சி,

நான் எழுதியதில் அந்தத் தப்பு வராது. எனக்குப் பின் மூன்று பேர் கைவைத்திருக்கிறார்கள். அந்த வரிகளை அப்படியே அனுப்பு, பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

அதைவிட முக்கியம், 'பழைய பெட்டி'யை அழித்துவிட்டாயா? அழிக்காதிருந்தால் தொடாதே. அதைப் புரோகிராமில் எதுவும் கூப்பிடாதுதான். ஸ்டோர் ரூமில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர் தானாகவே அதை ஓட்டும். மெஷினிலிருந்து படம் வந்ததும், பெயர் வைப்பதற்கு முன்னாலேயே, மெஷின் கொடுத்த எண்ணோடு ஒரு நகலை அங்கே இழுத்து வைத்துக்கொள்ளும். சேமிப்பு டிஸ்க் ஒருமுறை கெட்டுப்போன பயத்தில் நான் செய்து வைத்தது. நான் விலகியபிறகு அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைக்காமல் இருந்தால், அய்யம்மாள் அதில் இருப்பார்.

போன கடிதத்தில் அழித்துவிடு என்று சொன்னேனே, அதை மறந்துவிடு. போய்ப் பார்த்து உடனே எழுது.

அன்சார்


ராஜபாளையம்,
13 ஜூன் 2025

அன்புள்ள அன்சாருக்கு,

கிடைத்துவிட்டது.

புதிதாக எழுதுவதில் அந்தப் பகுதியை நான் நீக்கித்தான் இருந்தேன். நல்லவேளை, புதியதை இன்னும் ஓட்ட ஆரம்பிக்கவில்லை. அட்டெண்டர் வேல்பாண்டி அண்ணனும் நானும் ஸ்டோர் ரூமில் பஞ்சுப் பெட்டிகளை நகர்த்திப் பார்த்தால், மூலையில் தூசிக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. மானிட்டரை மட்டும் யாரோ கழற்றிப் போயிருக்கிறார்கள். வேறொன்றை மாட்டி, ரிஜிஸ்டரில் குறித்திருந்த மெஷின் எண்ணை வைத்து அய்யம்மாளின் பழைய படத்தைத் தேடி எடுத்தேன்.

டாக்டர் இரண்டு படத்தையும் அருகருகே வைத்து வெகுநேரம் அளந்தார். கட்டி வளரவில்லை. இப்போதைக்கு ஆப்பரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அய்யம்மாள் தானும் பார்க்க வேண்டும் என்று உள்ளே வந்து நின்று பார்த்தார். யார் எடுத்து வைத்தது என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறவர் என்றேன். "அவிய நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன்னிடம் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்டேன்.

நீ கேட்ட வரிகளை இதோடு அனுப்பியிருக்கிறேன். யாரும் கைவைக்கவில்லை, நீ எழுதியபடியேதான் இருக்கிறது. தப்பைச் சரி பண்ணவும் நீயே வா. நம் டைரக்டரிடம் பேசிவிட்டேன். வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்.

ஹெப்சிபா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
21 ஜூன் 2025

அன்புள்ள ஹெப்சிக்கு,

வரிகளைப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான்.

காது போனதிலிருந்து என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி வருகிறார்கள். எல்லாரும் வாயை அகலத் திறந்து மெதுவாகப் பேசுகிறார்கள். கடையில் பில்லைத் தப்பாகப் போட்டால்கூட அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தானே திருத்திக்கொள்கிறார். நீ செய்தது தப்பு என்று என் முகத்துக்கு நேரே ஒருத்தரும் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நல்ல கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

நகர்த்துகிற பகுதி முழுவதையும் ஒரே இடத்தில் வருகிற மாதிரித் திரும்ப எழுதியிருக்கிறேன். அதே பெயரில் ஒன்று இருந்தால் தொடாது, நின்று சொல்லும். நகல் போய்ச் சேர்ந்ததா என்று திறந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மூலப் படத்தை நீக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது ரமீஜா எதிரே வந்து நின்றாள். அவள் பேசுவது உதட்டைப் பார்த்தாலே எனக்குப் புரியும். "மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டு எம்புட்டு நேரமா உக்காந்திருக்கிய. இந்த மூஞ்சியப் பாத்து எம்புட்டு நாளாச்சு" என்றாள்.

ஆனால் வேலைக்கு வருவது என்னால் ஆகாது. வியாழக்கிழமை உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி வந்தேன். சென்டர் வாசல்வரை வந்துவிட்டேன். உள்ளே கூட்டம். ரிசப்ஷனிலிருந்து பரிபூரணம் டோக்கன் கூப்பிட, எல்லாரும் தலையைத் திருப்புகிறார்கள். எனக்கு ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. செத்த நேரம் நின்றுவிட்டு, திரும்பி அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். எழுதியதை அனுப்புகிறேன், மீதியை நீ பார்த்துக்கொள்.

துஆவுடன்,
அன்சார்


ராஜபாளையம்,
24 ஜூன் 2025

அன்புள்ள அன்சாருக்கு,

நீ அனுப்பியதை ஓட்டிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் அதிலும் ஒரு தப்பு இருக்கிறது. சேமிப்பு டிஸ்க் நிரம்பிவிட்டால் பாதி நகலோடு நின்றுவிடுகிறது. அடுத்த முறை ஓடும்போது அந்தப் பாதியை முழுப் படம் என்று நினைத்துக்கொண்டு, அதே பெயர் இருக்கிறது என்று நம்மிடமே முறையிடுகிறது. நான் திருத்திப் பார்த்தேன். என் திருத்தம் எனக்கே பிடிக்கவில்லை. இதைக் கடிதத்தில் பேசி முடிக்க முடியாது, ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார வேண்டும்.

வியாழக்கிழமை நீ வாசல்வரை வந்ததைப் படித்தபோது எனக்கு ஜன்னலைப் பார்க்கத் தோன்றியது. அன்று நான் அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன், ஒருமுறை தலையை நிமிர்த்தியிருந்தால் பார்த்திருப்பேன். பரிபூரணத்திடம் சொன்னேன். டோக்கன் எண் திரையில் தெரியும்படி வைத்தால் என்ன என்று அவளே கேட்டாள். காது கேட்கிற கிழவர்களுக்கும் அவள் கூப்பிடுவது விளங்குவதில்லையாம்.

முப்பதாம் தேதி திங்கட்கிழமை புது மெஷின் வருகிறது. காலையில் நான் வாசலில் வந்து நிற்கட்டுமா?

ஹெப்சிபா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
27 ஜூன் 2025

அன்புள்ள ஹெப்சிக்கு,

பாதி நகல் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. முதலில் வேறொரு தற்காலிகப் பெயரில் நகலெடுத்து, முழுதாக முடிந்தபிறகு சரியான பெயரை வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதிலும் நீ ஏதாவது கண்டுபிடிப்பாய்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சந்தோஷத்தில் சொன்னாரா, இனிப் பில் சரியாக இருக்கும் என்ற நிம்மதியில் சொன்னாரா தெரியவில்லை. ரமீஜா துணைக்கு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

நீயும் வாசலில் நிற்க வேண்டாம். எனக்குப் பேசத் தெரியும், கேட்கத்தான் முடியாது. சொல்ல வேண்டியதை எதிரே வந்து நின்று சொல்லச் சொல், இல்லையென்றால் எழுதிக் காட்டச் சொல். திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவேன். வழியில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால் திரும்பிப் பார்க்காமல் நேரே உள்ளே வந்துவிடுவேன்.

துஆவுடன்,
அன்சார்