திறக்காமலே படித்த வரி

இன்று காலை வீட்டு இன்வெர்ட்டர் சூடேறி, கூடம் முழுக்க ரப்பர் கருகும் வாசனை. எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். அப்புறமும் எனக்கு மூச்சு முட்டியது. உன் இருமல் காதில் கேட்டபடியே இருந்தது.

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், துணிக்கடைக்கு மேலே இருந்த அந்த அறை. இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் வருடங்கள். நான் கே.ஜி.கண்டிகையிலிருந்து வருவேன், நீ பள்ளிப்பட்டிலிருந்து. யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விற்கும் மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் விளம்பர ஈமெயில் அனுப்பும் வேலை. அதில் நம் பங்கு சப்ஜெக்ட் லைன்; மடலைத் திறக்குமுன் கண்ணில் படும் அந்த ஒற்றை வரி. ஏசி அறை என்று ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். மேனேஜர் வெளியே போனால் நம்மை உள்ளே வைத்தே ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு போவார். கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பாம். நீ கேட்டதற்கு, "பொண்ணுங்களுக்கும் பாதுகாப்புதானேம்மா" என்றார்.

அவருக்குப் பிடித்த வரிகள் இரண்டுதான்: 'அவசரம்', 'இன்றே கடைசி'. தினமும் கடைசி நாள். நீதான் முரண்டு பிடிப்பாய். "ஏமாந்து தொறந்தவன் இன்னொரு வாட்டி தொறக்கமாட்டான்டி. உள்ள இன்னா இருக்குதோ அத்த மேலயே சொல்லிடு." 'முதுகுவலிக்காரர்களுக்கான மெத்தை' என்று நீ எழுதிய சாதாரண வரியைத்தான் நிறையப் பேர் திறந்தார்கள். மேனேஜர் அதைத் தன் யோசனை என்று ஓனரிடம் சொல்லிக்கொண்டார்.

ஆடிக்கிருத்திகை அன்று ஊரே காவடியாக இருந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு அது விடுமுறை இல்லை, அதனால் நமக்கும் இல்லை. மேனேஜருக்கு மொட்டை போடும் வேண்டுதல். "தோ, வந்துடறேம்மா" என்று ஷட்டரைப் பூட்டிவிட்டு மலையேறினார். மத்தியானம் கரண்ட் போனது. மூலையிலிருந்த யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது; கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து புகை வந்தது. உனக்கோ ஏற்கெனவே வீசிங். இருவரும் ஷட்டரைத் தட்டினோம், உதைத்தோம். வெளியே பம்பை, உடுக்கை, அரோகரா. நம் சத்தம் யாருக்கும் எட்டவில்லை. ஆபீஸ் போனில் வெளியே பேச முடியாது. செல்போன் நம்மிடம் கிடையாது.

ஓனர் சென்னையில் எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர். ஆனால் நாம் அனுப்பிய மடல் எதையும் அவர் திறந்ததே இல்லை. நான் அவருக்கு 'அவசரம், உதவி' என்று அடித்தேன்.

"அழிடி அத்த!" என்றாய். "தெனம் ஊருக்கெல்லாம் அவசரம்னு அனுப்பிக்கினு இருக்கோம். அவரு நம்புவாரா? தொறந்தாதான் புரியும்னா நாம செத்தோம். தொறக்காமலே புரியணும்."

என் தோளைப் பிடித்து இருமிக்கொண்டே நீ தட்டினாய்: 'திருத்தணி ஆபீசில் புகை, உள்ளே நாங்கள் இருவர், சாவி மேனேஜரிடம், கீழ்க்கடைக்குப் போன் செய்யவும்.' மடலுக்குள் ஓர் எழுத்துகூட இல்லை. அது போனதும் யு.பி.எஸ்.ஸை அணைத்தாய். கும்மிருட்டு. ஷட்டருக்குக் கீழே இருந்த இடுக்கில் மூக்கை வைத்து இருவரும் படுத்துக்கொண்டோம்.

"நைனாவுக்குத் தெரிஞ்சா வேலைக்கே அனுப்பமாட்டாரு" என்றாய். அந்த நேரத்தில் உனக்கு உன் அப்பாவைப் பற்றித்தான் கவலை. உன் ஒவ்வொரு மூச்சும் விசிலடித்தது. யாரும் படித்திருக்கமாட்டார்கள் என்றே நான் நினைத்தேன். அப்போதுதான் பூட்டின் மேல் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது. துணிக்கடைக்காரர்.

மேனேஜர் மொட்டையில் சந்தனத்தோடு திரும்பி வந்தார். "இதுக்குப் போயி ஓனர் வரைக்கும் போணுமாம்மா?" படிக்கட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்த நீ கையை நீட்டினாய்.

"புதுப் பூட்டுக்குச் சாவி எங்ககிட்ட இருக்கட்டும் சார். இல்லன்னா நாளைலேருந்து வரமாட்டோம்."

மறுநாள் கொடுத்தார். ஜன்னல் பலகைகளை மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை.

நான் இன்னும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். சென்னையில் கண்ணாடிக் கட்டடம், திறக்க முடியாத ஜன்னல்கள். "கொஞ்சம் பயமுறுத்துங்க மேடம், அப்பதான் திறப்பாங்க" என்கிறார் புதிய அதிகாரி. முடியாது என்கிறேன். மறுநாளும் அதையே சொல்கிறார். வேறு வேலை எனக்குத் தெரியவில்லை. என் அறைக் கதவை மட்டும் யாரையும் சாத்த விடுவதில்லை.

போன மார்கழிக் குளிரில் உன் நெஞ்சு உன்னைக் கைவிட்டது. அன்று காலை நம் கல்லூரித் தோழிகளுக்கு மடல் எழுத உட்கார்ந்தேன். 'ஒரு துயரச் செய்தி' என்று அடித்துவிட்டு அழித்தேன். நீ இறந்துவிட்டாய், பள்ளிப்பட்டில் இன்று சாயங்காலம் எடுக்கிறார்கள் என்று மேல்வரியிலேயே எழுதினேன். உள்ளே உன்னைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி வீட்டில் உடுத்தியிருந்த நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். என் கையைப் பிடித்து அழுதபடி சொன்னாள்: "மேல பாத்ததும் ஓடியாந்துட்டேன்டி. உள்ள இன்னா எழுதியிருந்தே?"