பெட்டியில் போட்ட சீட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. மாதாமாதம் அம்மா எழுதும் கடிதம் இந்த முறை வராது, அதனால் அவள் இடத்தில் நான் எழுதுகிறேன். அவளும் குட்டியும் தூங்கிவிட்டார்கள், சமையலறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. நீ போன் செய்தால் அம்மா ஏன் எடுப்பதில்லை என்று குழம்பியிருப்பாய். அவளுக்கு உன் மேல் கோபம். செய்தது நான்.

நம் சபையில் பின்வாசல் பக்கம் ஜெபப் பெட்டி இருக்கிறதே, போன மாதம் குட்டிக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அதில் ஒரு சீட்டு போட்டேன். அப்பாவைக் கொண்டுபோனது நுரையீரல் நோய் இல்லை, எய்ட்ஸ், அந்தக் கிருமி அம்மாவிடமும் ஏழு வயதுத் தங்கையிடமும் இருக்கிறது, தங்கைக்காக ஜெபியுங்கள் என்று எழுதினேன். நீயும் அம்மாவும் பேசியதை ஒட்டுக்கேட்டு எனக்குத் தெரியும், தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. பெயர் போடவில்லை, மேலே போதகருக்கு மட்டும் என்று எழுதி நான்காக மடித்தேன். அந்த ஞாயிறு போதகர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார், மேலே எழுதியதைப் பார்த்தாரோ இல்லையோ, எல்லாச் சீட்டையும் ஒன்றுவிடாமல் மைக்கில் வாசித்துவிட்டார். போன வருடம் அப்பாவைப் பறிகொடுத்த, ஏழு வயதுப் பிள்ளையும் உள்ள வீடு அங்கே வேறு எது? முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆராதனை முடிந்து தேநீர் கொடுத்தபோது மற்றவர்களுக்குக் கண்ணாடித் தம்ளர், எங்களுக்கு மட்டும் எங்கிருந்தோ மூன்று காகிதக் கப் வந்தது. ஒருத்தி தன் மகளிடம், அந்தப் பக்கம் போகாதடி, இங்கயே வெளையாடு என்றாள். குட்டியோ புதுக் கப் கிடைத்ததென்று குதித்தாள். அம்மா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நீதான் போதகருக்கு எழுதிக் காட்டிக்கொடுத்தாய் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். கடல் தாண்டிப் போனவளுக்கு வீட்டு மானம் எதுக்கு என்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. மருந்து வாங்கும் வரிசையில் சபைக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அம்மா ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. குட்டிக்கு வியாழக்கிழமை வரைக்கும்தான் மாத்திரை இருக்கிறது, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நேற்று போதகர் வீட்டுக்கே வந்தார், கூட தெருமுனைத் தையற்கார அத்தை. போதகர் தரையில் உட்கார்ந்து, தப்பு எங்க மேலதாம்மா, இனிமே பெட்டியை நான் மட்டுந்தான் தெறப்பேன், வர்ற ஞாயித்துக்கெழமை நர்ஸ் ஒருத்தங்க வந்து சபைக்கே விளக்கிச் சொல்லப்போறாங்க என்றார். அத்தை கேட்காமலே குட்டி குடித்து வைத்த தம்ளரில் மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு, என் மிஷின் ஒரு நாள் தூங்கினா ஊரு அம்மணமாப் போயிடாது, ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன், வரிசையில நீ நிக்க வேணாம், நான் நிக்கறேன் என்றாள். அம்மா அசையவில்லை. எம் பொண்ணு எழுதின கடுதாசியக் காட்டுங்க, அப்புறம் பேசலாம் என்றாள். யார் எழுதினதையும் யாருக்கும் காட்ட மாட்டேம்மா என்றார் போதகர். ஞாயிறு பள்ளியில் என் நோட்டைத் திருத்துகிறவர் அவர், என் எழுத்து அவருக்குத் தெரியும். என்னை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். அப்ப நாங்க யார்கூடவும் எங்கயும் வரலே என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள். நாளைக்கும் வருவேன், கதவைச் சாத்திச் சாத்தியே உனக்குக் கை வலிக்கட்டும் என்று அத்தை வெளியே இருந்து கத்திவிட்டுப் போனாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா அடித்தால் தாங்கிக்கொள்வேன், பேசாமல் இருந்தால் என்ன செய்வேன்? ஆனால் நான் பேசாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை குட்டிக்கு மாத்திரை இல்லை. நேரில் சொல்ல நாக்கு வராது. அதனால் இதை நான் தபாலில் போடப் போவதில்லை. உறையை ஒட்டாமல், முகவரி எழுதாமல், மாத்திரைப் புட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் படுக்கிறேன். காலையில் அம்மா அங்கேதான் முதலில் கை வைப்பாள்.

கடவுள் நீ போகும் இடத்துக்கெல்லாம் உனக்கு முன்னால் போகட்டும். வேலை வேலை என்று சாப்பாட்டை விட்டுவிடாதே. உறையின் மேல் முகவரி அம்மா கையெழுத்தில் இருந்தால் உடனே அவளுக்குப் போன் செய், எடுப்பாள்.

இப்படிக்கு,
உன் பெரிய தங்கை