மேற்குப் பக்கத்துத் திரை

பிரியமுள்ள அப்பா,

இல்லை, கட்டுரையில் புகையை உடனே எழுதிவிடவில்லை. அதற்கு முந்திய வரியிலேயே ஒரு வாரம் நின்றேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரை கேட்டார்கள். அவரவர் ஊரின் வரலாறு. மற்றவர்கள் ஈயச் சுரங்கம், ரயில் பாதை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பங்கோர் தீவுக்கு அப்பால் நீங்கள் விளக்குக் காவலராக வேலை பார்த்த சின்னத் தீவை எடுத்தேன். அதன் கலங்கரை விளக்கங்களை. ஒரு தீவு, மூன்று விளக்கு. போதுமா என்று பேராசிரியர் சிரித்தார். போதும் என்றேன்.

முதல் விளக்கு மரக்கம்பத்தில் தொங்கியது. மீனவர்கள் முறை வைத்து ஏற்றினார்கள். காற்று அணைக்கும், மறுபடி ஏற்றுவார்கள். இரண்டாவது உங்களுடையது. வெள்ளைக் கோபுரம், உச்சியில் கண்ணாடி அறை, நடுவே ஆளுயர லென்ஸ், அதற்குள் எண்ணெய் விளக்கு. மூன்றாவது இப்போது எரிவது. அதே கோபுரம், அதே லென்ஸ், உள்ளே மின்விளக்கு.

இவ்வளவும் ஒரே நாளில் எழுதிவிட்டேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு இருட்டு இருக்கிறதே. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம். அங்கேதான் புகை.

ஈப்போவில் மாமா சொல்லாத ஆள் இல்லை. அம்மாவின் தம்பிக்கு அந்தக் கதைதான் சொத்து. "எங்க மச்சான் பட்டப்பகல்ல புகை போட்டு, கடலுக்கு அடியில கெடந்த வெள்ளக்காரன் கப்பலுக்குத் தகவல் சொன்னாருலா." டீக்கடையில் அவர் பக்கத்திலேயே நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். யாராவது உங்களைக் கேட்டால் ஒன்றுதான் சொல்வீர்கள். "புகை வந்தது நெசந்தான்." பிறகு டீ.

அந்தக் கடையில் நீங்கள் உட்காரும் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காருவதில்லை, அப்பா. கட்டுரை அச்சாகப் போகிறது. உண்மையை எழுதினால் அந்த நாற்காலி போய்விடுமோ என்றுதான் தயங்கினேன்.

உண்மை எனக்குத் தெரியும். நான் அதை உடுத்தியிருந்தேன்.

எனக்கு எட்டு வயது. நீங்கள் தீவில், நானும் அம்மாவும் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். துணி என்பதே கடைகளில் இல்லை. எனக்குக் கோணிச்சாக்குக் கவுன். முதுகெல்லாம் அறுத்துப் புண்ணாகி, நான் வெளியே வருவதையே நிறுத்திவிட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை படகில் வருவீர்கள். ஒருமுறை என் முதுகைப் பார்த்தீர்கள். அடுத்த முறை சட்டைக்குள் மடித்து ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்தீர்கள்.

திரை. படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: கலங்கரை விளக்கத்துக்குப் பகலில்தான் ஆபத்து. கண்ணாடி அறையின் நாலு பக்கமும் திரை போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் வெயில் லென்ஸில் புகுந்து நடுவிலே தீயாகக் குவியும். நாலு திரையில் மேற்குப் பக்கத்துத் திரை என் கவுன் ஆனது.

அதன் ஓரத்தில் பித்தளை வளையங்கள் இருந்தன, கம்பியில் கோத்துத் தொங்கவிட. அறுத்துவிடலாம் என்றாள் அம்மா. ஓடினால் சத்தம் வருகிறது என்று நான் அழுது அவற்றை வைத்துக்கொண்டேன். ஏழு வளையம்.

மேற்குப் பக்கத்தை நீங்கள் திறந்தே விட்டுவிடவில்லை. பால் மரம் வெட்டிப் பழகிய கை. தோட்டத்தில் வாங்க ஆளில்லாமல் ரப்பர் ஷீட் குவிந்துகிடந்தது. கூரை ஒழுகினால் ரப்பர், செருப்பு அறுந்தால் ரப்பர். திரைக்கும் ரப்பர். மிச்ச ஷீட்டைச் சுருட்டி லென்ஸுக்குள் வைத்தீர்கள். விளக்கைத்தான் ஜப்பான்காரர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்களே, இடம் காலி.

ஒரு பிற்பகலில் மேற்குத் திரை உருகி, இளகி, மடிந்து கீழே இறங்கியது. வெயில் உள்ளே வந்தது. உள்ளே இருந்த சுருள் பற்றிக்கொண்டது. கரும்புகை, கரையில் லூமுட் வரைக்கும் தெரிந்ததாம். கோபுரத்தில் அன்றுவரை அப்படி ஒரு விளக்கு எரிந்ததில்லை என்று பின்னாளில் நீங்கள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டிருக்கிறது.

அன்று சிரிப்பு இல்லை. யாருக்குச் சைகை காட்டினாய் என்று ஜப்பான் அதிகாரி கேட்டார். பிள்ளைக்குக் கவுன் தைத்தேன் என்றீர்கள். அதை யார் நம்புவார்கள்? சைகை என்றால் கழுத்து போகும். கையைக் கட்டி, மிச்சமிருந்த திரையில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, உங்களைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தார்கள்.

எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பா வந்துவிட்டார் என்று கேட்டதும் ஓடி வந்தேன், வளையங்கள் கலகலவென்று.

அதிகாரி குனிந்தார். என் கவுன் ஓரத்து வளையத்தையும் திரையின் வளையத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக, ஏழும். பிறகு உங்களுக்கு இரண்டு அறை. கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். கழுத்துக்குப் பதில் கன்னம். போகும்போது அவர் சிரித்தார் என்பது உங்கள் கட்சி. இருமினார் என்பது அம்மா கட்சி. எது சரி, அப்பா?

போன மாதம் தீவுக்குப் போனேன். இப்போதைய விளக்குக் காவலர் ஒரு மலாய்க்காரர், பேச்சுத்துணைக்கு ஏங்கியிருந்தவர். மேலே கூட்டிப்போனார். மூன்று பக்கம் வெள்ளைத் திரை. மேற்கில் ஒரு கட்டம் போட்ட சாரோங் கைலி. யாருடையது என்றேன். தனக்கு முன்னால் இருந்தவருடையது என்றார். போர்க்காலத்திலிருந்தே யாரோ ஒருவரின் சாரோங்தான் அங்கே தொங்குகிறதாம். கிழிந்தால் அடுத்தவர் தன்னுடையதைக் கொடுப்பார். நான் படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. சொன்னேன். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

மாமாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"பேரு கெட்டுப்போவும்லா. நல்ல பேரோட போன மனுசன துணி திருடுனவரா ஆக்கப் போறியா?"

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "திருடுனது நெசந்தானே தம்பி. எம்புள்ளைக்குத்தானே திருடுனாரு."

மாமா மெல்லக் கேட்டார். "சரி, அந்தக் கப்பலாச்சும் இருந்துச்சா?"

"இல்ல மாமா."

"புகை?"

"புகை நெசந்தான்."

மறுநாள் நான் டீக்கடைக்குப் போனேன். மாமா நடுவில் நின்று வளையக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு வளையம் இருபது ஆகியிருந்தது. அதிகாரி கண் கலங்கினாராம். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுந்துபோய், உங்கள் நாற்காலியைத் துண்டால் தட்டி நேராகப் போட்டார்.

அன்று மாலை புகையை எழுதி முடித்தேன். கவுன், வளையம், ரப்பர், எல்லாம். அதிகாரியின் இருமலைப் பற்றி மட்டும் அடிக்குறிப்பு: கருத்து வேறுபாடு உண்டு.

அடுத்த விடுமுறையில் அம்மாவையும் மாமாவையும் அந்தக் கோபுரத்தில் ஏற்றிக் காட்டுகிறேன், அப்பா. மாமாவுக்கு மூச்சு வாங்கும். வாங்கட்டும்.

ஈப்போவில் வெள்ளைத் துணி வாங்கினேன். அம்மா தைத்தாள். இத்தனை வருஷமாகத் தகர டப்பாவில் வைத்திருந்த ஏழு வளையங்களை எடுத்து அவளே ஓரத்தில் கோத்தாள். நேற்றுக் காலை படகில் போய் மேற்குப் பக்கத்தில் அதை மாட்டினேன். சாரோங்கைத் துவைத்துக் காவலரிடம் கொடுத்துவிட்டு, மதியப் படகில் திரும்பினேன்.

கவுன் போட்ட உங்கள் மகள்,
கமலம்