படகுக்காரனைக் கொல்லும் வழி

அக்டோபர் 3

இன்றும் நாற்காலியில் தோற்றேன். எங்கள் கேமுக்கு வில்லனை எழுதுகிறவள் வாரம் ஒருமுறை நடு அறையில் வில்லனாகவே உட்கார்ந்து, ஆட்டக்காரர்களாக மாறி நிற்கும் மொத்தக் குழுவுக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த வழக்கத்தை எந்தப் புண்ணியவான் கொண்டுவந்தானோ, நன்றாக இருக்கட்டும். கேட்பவர்கள் சிரித்தால் வில்லன் செத்தான். கேட்பவர்கள் வாயடைத்துப் போனால் வில்லன் பிறந்தான். அவ்வளவுதான் சட்டம்.

இன்று நான் ஆயிரம் வருடம் உறங்கி எழுந்த இருட்டின் அரசன். "எந்திரிச்சதும் முதல்ல பல்லு வெளக்குனீங்களா?" என்று கேட்டாள் ஒரிஹாரா. புரோகிராம் எழுதுகிற பெண். வாயை வாடகைக்கு விட்டே பிழைத்துக்கொள்வாள். அறையே குலுங்கியது.

இயக்குநர் ஹிசமட்சு மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு என்னிடம் சொன்னார்: "முரோய்சான், கொம்பு வச்சா பயப்படுற காலமெல்லாம் போச்சு. குளிர்காலத்துக்குள்ள ஒருத்தன் வேணும். இல்லேன்னா மேல இருக்கறவங்க சாம்பல் நாட்டை மூடிடுவாங்க."

சாம்பல் நாடுதான் எங்கள் கேம். மூடினால் எனக்கு வேறு வேலை கிடைக்கும். ஒசாகாவில் கேம் கம்பெனிக்கா பஞ்சம்? என் பயம் அது இல்லை.

அக்டோபர் 5

என் பயம் மாடியறையில் இருக்கிறது. தட்சுமா. என் தம்பி. வேலையை விட்டு வந்து கதவைச் சாத்தியவன் சாத்தியவன்தான். அம்மா தட்டை வைத்துவிட்டுக் கீழே வந்த பிறகுதான் கதவு திறக்கும்.

பகலெல்லாம் அவன் சாம்பல் நாட்டில் இருக்கிறான். அங்கே அவன் பெயர் முள்ளங்கி. மருத்துவன். யாரோடும் சேர்ந்து சண்டைக்குப் போவதில்லை. அடிபட்டுக் கிடக்கும் ஊர்பேர் தெரியாதவர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான். மீதி நேரம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பான். அலுவலகத்திலிருந்து சில சமயம் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். என் தம்பி நலமாக இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பார்க்கிறேன்.

அந்த இடத்தையும் மூடிவிட்டால் அவன் எங்கே போவான்?

அக்டோபர் 11

முள்ளங்கி உட்காரும் அதே கரையில்தான் கிடைத்தான்.

இத்ரேன். படகுக்காரன். கேம் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறான். ஆட்டக்காரர்களை அக்கரையில் கொண்டு விடுவான், ஏதாவது முணுமுணுத்துப் பாடுவான். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அக்கரையில் அவனுடைய ஊர். போன வருடம் அந்த ஊரை எரிக்கச் சொல்லி ஆட்டக்காரர்களுக்கு நாங்களே ஒரு பணி கொடுத்தோம். ஒற்றர்கள் ஒளிந்திருக்கிறார்களாம். லட்சக்கணக்கானவர்கள் எரித்தார்கள். பரிசாக ஒரு நல்ல வாள்.

அவர்களை அங்கே கொண்டு சேர்த்தவன் யார்?

வில்லனை வானத்திலிருந்து இறக்க வேண்டியதே இல்லை. இத்தனை நாளாக எல்லாரையும் சுமந்துகொண்டு இங்கேயே நின்றிருக்கிறான்.

அக்டோபர் 17

நாற்காலி.

துணி எதுவும் போர்த்திக்கொள்ளவில்லை, குரலை மாற்றவில்லை. துடுப்புப் பிடிக்கிறவன் எப்படி உட்காருவானோ அப்படி உட்கார்ந்தேன். அணையை உடைத்துத் தலைநகரை மூழ்கடிப்பதுதான் இத்ரேனுக்கு நான் எழுதியிருக்கும் பழி.

"எங்க ஊரை ஏன் வெள்ளத்துல முக்கற?" என்றார் ஒருவர்.

"எங்க ஊரை ஏன் எரிச்சீங்க?"

"எங்களுக்குச் சொன்னாங்க, செஞ்சோம்."

"எனக்கும் இறக்கிவிடுன்னு சொன்னீங்க. செஞ்சேன். போகும்போது நீங்க நல்லா பேசிக்கிட்டு வந்தீங்க. என் பாட்டு நல்லாருக்குன்னு ஒருத்தர் சொன்னார். திரும்பி வரும்போது உங்க சட்டையில புகை நாத்தம். கரையில இறங்குறப்ப அதே ஆள் தாங்ஸ் சொன்னார். அந்தத் தாங்ஸை நான் எங்க கொண்டுபோய் வைக்கட்டும்?"

யாரும் பேசவில்லை. ஒரிஹாராவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்த வாளை வாங்கியவள்தான்.

ஹிசமட்சு எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். "சரி, பொறந்துட்டான்" என்றார்.

நவம்பர் 8

ஒவ்வொரு வாரப் புதுப்பிப்பிலும் ஒரு துளி மட்டும். இதுதான் எங்கள் திட்டம். முதல் வாரம் இத்ரேன் பாடுவதை நிறுத்தினான். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் முகத்தைப் பார்க்காமல் துடுப்பு போட்டான். மூன்றாவது வாரம் ஏறுகிறவர்களிடம் பெயர் கேட்கத் தொடங்கினான். ஆட்டக்காரர்கள் இப்போது இணைய மன்றங்களில் மாய்ந்து மாய்ந்து பேசுகிறார்கள். கிழவனுக்கு உடம்பு சரியில்லையா? பெண்டாட்டி செத்துவிட்டாளா? ஒருத்தி அவன் சோர்ந்து உட்கார்ந்திருப்பதை வரைந்து போட்டிருக்கிறாள்.

முள்ளங்கி படகிலேயே குடியிருக்கிறான். அக்கரை, இக்கரை, அக்கரை. இறங்குவதில்லை.

நவம்பர் 23

சாப்பாட்டுத் தட்டில் ஒரு துண்டுக் காகிதம் வந்ததாம். அம்மா கொண்டுவந்து காட்டினாள். 'அக்கா, இத்ரேனுக்கு என்ன ஆச்சு?'

கம்பெனி ரகசியம், வெளியே சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'எனக்குத் தெரியாது' என்று எழுதி அனுப்பினேன். இத்தனை காலத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

டிசம்பர் 12

இன்று அணையை உடைத்தான் இத்ரேன். தலைநகரம் மூழ்கியது. தாங்ஸ் வசனம் வந்தபோது நேரலையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் கேம் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு அழுதான். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எதற்கு? என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்லது இதுதான்.

டிசம்பர் 14

கேக் செரிப்பதற்குள் வந்தது வினை. யாரும் இத்ரேனைக் கொல்ல மாட்டேன் என்கிறார்கள். 'அவர் சொல்றது சரிதானே?' சண்டைக்கு வந்து வாளை உறையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மிஞ்சிய சிலர் அடிக்கிறார்கள், அடிக்க அடிக்க அவன் உயிர் ஏறிக்கொண்டே போகிறது.

ஒரிஹாரா தலையில் அடித்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்கு முன் இத்ரேனுக்குக் காய்ச்சல் வந்ததாக ஒரு சின்னப் பணி வைத்திருந்தோம். வைத்தியம் பலிக்க அவனை 'நண்பன்' என்று குறித்திருந்தார்கள். அந்தக் குறியை எடுக்க எல்லாரும் மறந்துவிட்டோம். வைத்தியம் செய்தால் மொத்த உயிரில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஏறும். சாதாரண ஆளுக்கு அது ஒரு கரண்டி. மலையளவு உயிர் உள்ள இத்ரேனுக்கு அண்டா அண்டாவாக.

"ஒரே ஒரு ஆள்தாங்க. காலையிலேர்ந்து இத்ரேன் பக்கத்துல நின்னு வைத்தியம் பார்த்துக்கிட்டே இருக்கான். எல்லாரும் அவனைத் திட்டித் தீக்கறாங்க. அசைய மாட்டேங்கறான்." பிறகு பெயரைப் படித்தாள். "முள்ளங்கியாம். பேரைப் பாருங்க."

நானும் சிரித்தேன். ஆமாம், நானும்.

டிசம்பர் 16

கூட்டம். குறியை எடுத்துவிடலாம், விஷயம் முடிந்தது என்றேன். ஹிசமட்சு தலையாட்டவில்லை.

"அது சும்மா பழுது பார்க்கறது. யோசிச்சுப் பாருங்க. இவன் சொல்றது பூராவும் நியாயம். நியாயஸ்தனை எவன் கொல்லுவான்? இவன் ஒரு இடத்துல வழுக்கணும். கண்ணு முன்னாடி. தனக்கு நல்லது செஞ்ச ஒருத்தனையே போட்டுத்தள்ளணும். அப்பத்தான் ஜனங்க வாளை எடுப்பாங்க."

"யாரை?"

"வைத்தியம் பாக்கறவனை. யார் கிட்ட வந்து வைத்தியம் பார்த்தாலும் முதல் அடி அவனுக்கு. ஒரு வசனம் போதும். நாளைக்குக் கொடுங்க."

ஒரிஹாரா கணினியைத் திருப்பிக் காட்டினாள். "ஒண்ணு சொல்லணும். இந்த முள்ளங்கி அந்த ஊரை எரிக்கவே இல்ல. அந்தப் பணிய எடுக்காததால கதையில அதுக்கு மேல போகவே முடியாம நிக்கறான்."

எனக்குத் தெரியாது. இத்தனை நாள் ஒளிந்து ஒளிந்து பார்த்தும் இது எனக்குத் தெரியவில்லை.

"இன்னும் நல்லது. நல்லவன் கெட்டவன்னு பாக்காம அடிக்கறான். அதானே வில்லன்?" என்றார் ஹிசமட்சு.

அவர் சொன்னது சரி. அதுதான் என்னைக் கொல்கிறது. தொழில் தெரிந்த யாரும் அதையேதான் சொல்வார்கள். அது என் தம்பி என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்? எழுதாதே என்றிருப்பார்களா, இல்லை வேறு ஆளை வைத்து எழுதியிருப்பார்களா?

டிசம்பர் 17

எழுதிவிட்டேன். இத்ரேன் துடுப்பை மருத்துவனின் மார்பில் ஊன்றி ஆற்றில் தள்ளுகிறான். 'உன்னையும் நான்தானே கரை சேர்த்தேன். நீ மட்டும் எப்படி வேறாக இருப்பாய்?'

இத்ரேனுக்குக் குரல் கொடுக்கும் நடிகர் ஒரே தடவையில் பேசி முடித்தார். பேசிவிட்டு, "இவனை நாளையிலேர்ந்து எல்லாரும் வெறுக்கப் போறாங்க" என்றார் பெருமையாக.

டிசம்பர் 18

புதுப்பிப்பு வெளியானது. முள்ளங்கி வழக்கம் போல வந்தான். பக்கத்தில் போய் நின்றான். கையை நீட்டினான். தள்ளப்பட்டான்.

மன்றங்கள் தீப்பிடித்துக்கொண்டன. 'கிழட்டு நாய்.' 'அந்த மருத்துவன் என்னடா பாவம் செஞ்சான்?' நேற்று வரை அவனைத் திட்டியவர்கள்தான். வாளோடு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பலித்துவிட்டது.

முள்ளங்கி மறுபிறவி எடுத்துத் திரும்ப வந்தான். கையை நீட்டினான்.

டிசம்பர் 20

இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறான். வருகிறான், வைத்தியம் பார்க்கிறான், மூழ்குகிறான். வேறெதுவும் செய்வதில்லை. இப்போது வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம். அவன் மூழ்கியதும் அதே வேகத்தில் இத்ரேன் மேல் பாய்கிறார்கள்.

ஒரிஹாரா என் மேஜைக்கு வந்தாள். அவளிடம் கிண்டல் இல்லை. "முரோய்சான், பார்க்கவே முடியல. ஊரை எரிக்காதவன் வந்தா மட்டும் இத்ரேன் துடுப்பைத் தாழ்த்தற மாதிரி வைக்கலாமா? எனக்கு அரை நாள் வேலை. ஹிசமட்சு சார்கிட்ட கேட்டேன். உங்க ஆளு, உங்க முடிவுன்னாரு."

யோசிக்கிறேன் என்றேன்.

எதை யோசிக்க? துடுப்பைத் தாழ்த்தினால் இத்ரேன் மறுபடியும் நியாயஸ்தன். மறுபடியும் யாரும் அடிக்க மாட்டார்கள். சண்டை நின்றுபோகும், ஆட்டக்காரர் எண்ணிக்கை விழும், கேமை மூடிவிடுவார்கள். அப்புறம் தட்சுமாவுக்கு அந்த ஆற்றங்கரையே இருக்காது. அவனுக்காகத்தான். அவனுக்காகத்தானே?

இல்லை. இங்கே என்னத்துக்குப் பொய்? வில்லன் கெட்டுவிடுவான். அதுதான் காரணம். என் வில்லன்.

வேண்டாம் என்று ஒரிஹாராவிடம் சொல்லிவிட்டேன். அவள் தன் மேஜைக்குத் திரும்பிப் போனாள்.

டிசம்பர் 24

இத்ரேன் செத்தான். எல்லா ஊரிலும் வாணவேடிக்கை விட்டார்கள். முள்ளங்கி அங்கே இல்லை. நேற்றே வருவதை நிறுத்திவிட்டான்.

டிசம்பர் 25

முள்ளங்கி என்ற பெயரில் இப்போது யாருமே இல்லை. அழித்துவிட்டான்.

ஜனவரி 2

தட்சுமா கீழே வந்தான்.

புத்தாண்டுக்கான அரிசிக்கட்டி சூப் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அகப்பையைச் சூப்புக்குள்ளேயே விட்டுவிட்டாள். முடி தோளுக்குக் கீழே தொங்குகிறது. வெளுத்துப் போயிருக்கிறான். உட்கார்ந்து சாப்பிட்டான். "உப்பு சரியா இருக்கும்மா" என்றான். அம்மா சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"அந்த கேமு போச்சு, பிள்ளை வந்துட்டான்" என்று சித்தியிடம் போனில் சொல்கிறாள். எனக்கும் சந்தோஷப்படத்தான் ஆசை.

பிப்ரவரி 13

ஆட்டக்காரர்கள் வாக்குப் போட்டதில் வருடத்தின் வில்லன் இத்ரேன்தான். சாம்பல் நாட்டை மூடும் பேச்சே இல்லை. அடுத்தவனையும் நானே எழுத வேண்டுமாம். ஹிசமட்சு குனிந்து வணங்கினார். ஒரிஹாரா கைதட்டினாள், மற்றவர்கள் தட்டிய அளவுக்கு மட்டும்.

பிப்ரவரி 27

தட்சுமா நகோயாவில் கார் உதிரிப்பாக ஆலையில் சேர்கிறான். விடுதியும் அவர்களே தருகிறார்கள். அம்மா புது உள்ளாடைகளாக வாங்கிக் குவிக்கிறாள். வீட்டில் எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுகிறான். எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறான். எதையும் கேட்பதில்லை. நேற்று அம்மா படியில் சறுக்கி முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனான்.

மார்ச் 9

ரயில் நிலையம் வரை நான்தான் போனேன். நடைமேடையில் நல்ல குளிர். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"தட்சுமா. அந்த வசனம். ஆத்துல தள்ளறது. அதை எழுதினது நான்தான்."

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"முதல் தடவை தள்ளுனப்பவே. உனக்குக் கோவம் வந்தா அப்படித்தான்க்கா பேசுவ."

கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை.

"தெரிஞ்சுமா திரும்பத் திரும்ப வந்து நின்ன? எதுக்குடா?"

ரயில் வருகிறதா என்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான்னு தெரிஞ்சா நீ மாத்திடுவன்னு நெனச்சேன்."

வண்டி வந்தது. அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுருண்டைகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஏறினான்.