விடாக்கண்டனுக்குப் பொட்டு வைத்தேன்

செப். 30, செவ்வாய்

காலையில் மழை. அடுக்குமாடி புளோக் கீழே வரை வந்து, குடைக்காகத் திரும்ப மேலே. ரயிலில் தூக்கம். இறங்க வேண்டிய லிட்டில் இந்தியா தாண்டி ஒரு ஸ்டேஷன் போய்த் திரும்பினேன். மாதத்தில் இரண்டாம் தடவை.

கடையில் சரக்கு இறங்கியது. குக்கர் 40, அண்டா 6. பாத்திரக்கடை ஸ்டோர்காரனுக்கு வேறு என்ன எழுத இருக்கிறது.

கடை மாடி வராந்தாவில் மகள் கயலின் கருவி மூன்று மாதமாகத் தொங்குகிறது. இரண்டு எவர்சில்வர் கிண்ணம் முகத்தோடு முகம், நடுவில் வட்டப் பஞ்சு. காற்றில் உள்ள நஞ்சு அதில் ஒட்டுமாம். யூனிவர்சிட்டி ஆராய்ச்சி. பின்சந்திலிருந்து ஓர் அம்மா அண்ணாந்து பார்த்து, “அந்தக் கிண்ணம் ஜோடி எவ்வளவுண்ணே?”

கயல் போன். சனிக்கிழமை பஞ்சைக் கழற்ற வருகிறாள்.

“இதெல்லாம் பெர்சிஸ்டன்ட்பா. வருஷக்கணக்கா காத்துல, மண்ணுல அப்படியே கிடக்கும். தமிழ்ல என்ன சொல்லலாம்?”

“விடாக்கண்டன்.”

சிரித்தாள். “தாத்தா அடிச்ச கொசு மருந்துகூட அந்த வகையா இருக்கலாம். பஞ்சுல இன்னும் துளித்துளியா வரும்.”

அப்புறம் நாள் முழுக்க அப்பா ஞாபகம்.

அக். 1, புதன். ஆயுத பூஜை

வெயில். பொரி, கடலை, எலுமிச்சை, வாழைக்கன்று 2. தராசு, கல்லா, வேன் எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு.

அப்பாவுக்குச் சாக்கடைகளில் மருந்தடிக்கிற வேலை. பித்தளை பம்பு. இந்த நாளில் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார். புளி போட்டுத் தேய்த்து, மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். நாங்கள் வரிசையாக அதை விழுந்து கும்பிட வேண்டும். பொரியிலும் மருந்து வாசம். அம்மா ஊற வைப்பதற்குள் அவர் சட்டையை ஒரு தடவை மோந்து பார்ப்பேன். மண்ணெண்ணெய் மாதிரி, லேசாக இனிப்பு. இன்றுவரை அப்படி ஒரு வாசம் கிடைக்கவில்லை.

பம்பு எங்கே போனதோ.

அப்பா அவர் ஆயுதத்துக்கு வைத்தார். பிள்ளையின் ஆயுதத்துக்கு? மாடி ஏறினேன். சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். சாம்பிராணி மூன்று சுற்று. கிண்ணத்துக்குள்ளும் நன்றாகக் காட்டினேன். கண் கலங்கியது. புகையால் என்று வைத்துக்கொள்ளலாம்.

அக். 2, வியாழன்

புழுக்கம். மனைவி சரோஜாவிடம் பெருமையாகச் சொன்னேன். தோசைக் கரண்டி நின்றது.

“காத்து புடிக்கிற மிஷினுக்கா புகை போட்டீங்க? உப்பு பார்க்கிறவ வாயில சர்க்கரையைக் கொட்டின மாதிரி.”

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு மூளையோடு ஐம்பத்தொன்பது வருஷம்.

கடைக்குப் போனதும் பொட்டைத் துடைத்தேன், பூவை எடுத்தேன். பார்த்தால் தெரியாது. ஆனால் பஞ்சுக்குத் தெரியுமே. சொன்னால் அவளுக்கு மூன்று மாத உழைப்பு போச்சு. சொல்லாவிட்டால் என் சாம்பிராணியை ஊர் காற்று என்று எழுதிவிடுவாள்.

அக். 3, வெள்ளி

இருமுறை போனை எடுத்தேன். இருமுறையும் “சாப்பிட்டியா?” என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அக். 4, சனி

மூட்டம். கயல் வந்தாள். கையுறை, ஐஸ் பெட்டி, அலுமினியத் தாள். பஞ்சைத் தொடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

கையுறையைக் கழற்றி நோட்டை எடுத்தாள். பிறகு, “எவ்வளவு நேரம்?”

“மூணு சுத்து.”

“நிமிஷத்துல சொல்லுங்கப்பா.”

எழுதிக்கொண்டாள். இந்தப் பஞ்சு கணக்கில் சேராதாம். திரும்ப மூன்று மாதம். ரிப்போர்ட் தள்ளிப்போகும்.

“திட்டிடும்மா.”

“திட்டினா பஞ்சு சுத்தமாயிடுமா?” அப்புறம், “ஏம்பா செஞ்சீங்க?”

பம்பைப் பற்றிச் சொன்னேன். கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்து கேட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எழுந்து புதுப் பஞ்சு மாட்டினாள்.

“தீபாவளி வருதேம்மா. தெரு பூரா புகை போடுவாங்களே, இதுவும் கெட்டுடுமா?”

“ஊர் போடட்டும்பா. அதைத்தான் நான் அளக்குறேன். நீங்க மட்டும் மாடிக்கு வராதீங்க லா.”

மாடிச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஸ்டோர் அந்த மாடியில்தான் இருக்கிறது. முதலாளியிடம் திங்கட்கிழமை என்ன சொல்ல?