சாப்பாட்டு டப்பாவுக்குக் கிடைத்த சூடு

அனுப்புநர்:
மீன் குளிர்கிடங்குத் தொழிலாளி,
மகப்பேறு வார்டு, ஜன்னலோரக் கட்டில்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: அறுவைப் பிரசவத்தின்போது என் உடல் சில்லிட்டுப்போனதும், போர்வை சூடாக்கும் அலமாரியில் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்ததும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த செவ்வாய்க்கிழமை இங்கே எனக்கு அறுவைச் சிகிச்சையில் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை நலம். டாக்டரம்மாவின் கைராசியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

2. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டபின், மார்புக்குக் கீழே உடம்பு என்னுடையதாக இல்லை. ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தது. பல் கிட்டித்தது, தோளும் கையும் தூக்கித் தூக்கிப் போட்டன. "குளிருது" என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. நர்ஸம்மா குனிந்து பார்த்து, "எல்லாருக்கும் இப்படித்தாம்மா நடுங்கும், பயப்படாதீங்க" என்றார். உடம்புச் சூட்டை யாரும் பார்க்கவில்லை.

3. குளிர் எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் கிடங்கில் கோட்டும் கையுறையும் தருவார்கள். தாங்காவிட்டால் கதவைத் திறந்து வெளியே வந்துவிடலாம். இங்கே எழுந்து போகக் கால் இல்லை, கூப்பிட வாய் இல்லை. மீனோடு மீனாகக் கிடந்தேன்.

4. தலையை மட்டும் திருப்ப முடிந்தது. சுவரோரம் 'போர்வைக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டிய அலமாரி. தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது ஓர் ஊழியர் அதைத் திறந்தார். எனக்குத்தான் போர்வை வருகிறது என்று அந்த நிலையிலும் நன்றி சொல்லப் பார்த்தேன். உள்ளே வரிசையாகச் சாப்பாட்டு டப்பாக்கள். ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்" என்று மூடிவிட்டார்.

5. குழந்தையை என் நெஞ்சில் வைத்தார்கள். என் கை பட்டதும் வீறிட்டான். "கை ஐஸா இருக்கு, நடுக்கத்துல நழுவிடப் போவுது" என்று தூக்கிப்போய்விட்டார்கள். வார்டில் என் உடம்புச் சூட்டைப் பார்த்தபோது முப்பத்து நான்கு டிகிரி என்றார்கள்; முப்பத்தேழு இருக்க வேண்டுமாம். அவனை மறுபடி என் கையில் தரும்போது மாலையாகிவிட்டது. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை ஐயா.

6. யாரையும் வேலையைவிட்டு நீக்கச் சொல்லவில்லை. நின்றே வேலை செய்கிறவர்களுக்கும் சூடான சாப்பாடு வேண்டும். அதற்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். அலமாரியில் போர்வை வையுங்கள். ஊசி போட்டதும் போர்த்திவிட்டு, சூட்டை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

7. வரும் திங்கட்கிழமை பிரசவத்துக்காக அதே அறுவை மேசையில் என் தங்கையைப் படுக்கவைக்கிறார்கள். எதிர்க் கட்டிலில்தான் இருக்கிறாள். வேறு மருத்துவமனைக்குப் போக எங்களுக்கு வழியில்லை. "அக்கா, உள்ள எப்படி இருக்கும்?" என்று நேற்று கேட்டாள். "நல்லா போத்திவிடுவாங்கடி, கதகதப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அதை நம்பிக்கொண்டு இப்போது தூங்குகிறாள். திங்கட்கிழமைக்குள் அதை உண்மையாக்கித் தருமாறு தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மகப்பேறு வார்டு
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஜன்னலோரக் கட்டிலில் இருப்பவள்